பொருள் தேடும் படலம்

பரீக்ஷைக்குப் படிப்பது அப்படி ஒன்றும் பெரிய காரியமல்ல. இரவு பத்து மணிக்கு வீடு அடங்கிய பிறகு பாடப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, மொகஞ்சதாரோ முதல் மௌண்ட்பேட்டன் வரையில் உருப்போட்டு விடலாம். ஆனால், "தாங்கள் எந்தப் பொருளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதப் போகிறீர்கள்? தலைப்பை இன்ன தேதிக்குள் தெரிவிக்கவும்" என்று சர்வகலாசாலையிலிருந்து வருகிறதே ஒரு கடிதம், அதைக் கண்டதும் நாற்பது வயதுக் குடும்பஸ்தர்களுக்குக் கூட வியர்த்துக் கொட்டிவிடுகிறது.

வீட்டிலிருந்தபடியே படித்துப் பட்டம் பெறும் வழி புதிதல்ல. லண்டன் சர்வகலாசாலை 1858-ஆம் ஆண்டிலேயே அந்த வாசலைத் திறந்துவிட்டது. நம் தேசத்தில் டில்லி சர்வகலாசாலை 1962-ல் தபால் வழிப் படிப்பை ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் மதுரை 1971-லும், அண்ணாமலை 1979-லும் அந்த வழியைப் பின்பற்றின. இந்திரா காந்தி தேசீயத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1985-லும், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 2002-லும் தோன்றின. இவற்றின் புண்ணியத்தினால் குமாஸ்தாக்களும், போலீஸ்காரர்களும், பஸ் கண்டக்டர்களும், வீட்டை விட்டு நகர முடியாத தாய்மார்களும் பட்டதாரிகளாகி யிருக்கிறார்கள். அவர்களில் சரித்திரத்தை எடுத்துக்கொள்கிறவர்கள் அநேகர். சரித்திரத்துக்குச் சோதனைச் சாலை வேண்டியதில்லை. திராவகமும் கண்ணாடிக் குழாயும் வேண்டியதில்லை. கதை படிப்பது போல் படித்து முடித்துவிடலாம் என்பது பொதுவான நம்பிக்கை. அந்த நம்பிக்கை முதல் வருஷம் முழுவதும் நிலைத்து நிற்கிறது. தலைப்புக் கேட்டுக் கடிதம் வந்த அன்றைக்குத்தான் ஆட்டம் கண்டுவிடுகிறது.

கல்லூரியில் நேரில் படிக்கும் பையனுக்கு இந்தச் சங்கடம் அவ்வளவாகத் தெரியாது. அடுத்த அறையில் பேராசிரியர் இருக்கிறார். மாடியில் புத்தகசாலை இருக்கிறது. நான்கு சிநேகிதர்கள் கூடி டீ குடித்துக்கொண்டே ஒரு தலைப்பைப் பிடித்துவிடுவார்கள். வயது வந்த மாணாக்கருக்கு இருப்பதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான். அதிலும் பாதி கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் போய்விடுகிறது. ஆகவே, கைக்கு முதலில் அகப்பட்டதை எழுதி அனுப்பிவிடுகிறார்கள். "சோழர் ஆட்சி முறை - ஓர் ஆய்வு." "இந்திய விடுதலைப் போரில் காந்தியடிகளின் பங்கு - ஓர் ஆய்வு." மகாத்மாவின் பங்கு இன்னதென்று முப்பது பக்கத்தில் அளந்து முடித்துவிடுகிற அந்தச் சாமர்த்தியசாலியைக் கையெடுத்துக் கும்பிடத்தான் வேண்டும்!

இதன் முடிவு என்ன என்பது நேயர்களுக்குத் தெரியாததல்ல. நாலு புத்தகத்திலிருந்து நாற்பது பாராக்களைப் பெயர்த்தெடுத்து ஐந்தாவது புத்தகம் ஒன்று தயாராகிறது. அதற்கும் பொழுதில்லாதவர்களுக்காக, 'ரெடிமேட்' ஆய்வேடுகளை விலைக்குக் கொடுக்கும் டைப் அடிக்கும் கடைகள் கூட உண்டு. பட்டம் கிடைத்துவிடும், பதவி உயர்வும் கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் அந்த மனிதர் தம் வாழ்நாளில் ஒரு விஷயத்தைத் தாமாகவே ஆராய்ந்து, தாமாகவே கண்டுபிடித்துச் சொல்வதற்கு வாய்த்த ஒரே சந்தர்ப்பம், அநேகமாகக் கடைசிச் சந்தர்ப்பம், கைநழுவிப் போய்விடுகிறது. பணம் கட்டிப் பெற்ற படிப்பிலே நஷ்டமாகிப் போவது அதுதான்.

ஆலத்தியூரிலிருந்து ஒரு கேள்வி

நம்மிடம் பத்தாம் வகுப்பிலே பயின்ற பெண்மணி ஒருவர் இப்போது ஆலத்தியூரில் வாழ்க்கைப்பட்டிருக்கிறார். வெள்ளாற்றுக்குத் தெற்கே, அரியலூர் ஜில்லாவைச் சேர்ந்த ஊர் அது. கணவர் அந்தப் பக்கத்தில் ஒரு சிமெண்ட் ஆலையில் முறை வைத்து வேலை பார்க்கிறார். இரண்டு குழந்தைகள், எண்பது வயதைத் தாண்டிய மாமனார், ஒரு கறவை மாடு. இத்தனைக்கும் நடுவில் எம்.ஏ. சரித்திரம் இரண்டாம் வருஷம். தலைப்புக் கடிதம் வந்ததும் நம்மிடம் வந்து சேர்ந்தார்.

"சோழர் ஆட்சி முறை என்று எழுதி அனுப்பிவிடட்டுமா, ஸார்?"

"அதைப் பற்றி உனக்கு என்ன தெரிய வேண்டியிருக்கிறது, அம்மா?" என்று கேட்டோம்.

"தெரிய வேண்டியது ஒன்றுமில்லை, ஸார். எல்லாம் புத்தகத்திலேயே இருக்கிறதே!"

அந்தத் தலைப்பை எடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேறென்ன வேண்டும்? நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் சரித்திரம் 1935-லும் 1937-லும் இரண்டு பாகங்களாக வெளிவந்துவிட்டது. அதை இன்னொரு தடவை சுருக்கி எழுதுவதனால் சாஸ்திரியாருக்கும் லாபமில்லை, சுருக்குகிறவருக்கும் லாபமில்லை. விடை தெரியாத கேள்வி ஒன்று முதலில் வேண்டும். 'சோழர்' என்பதும் 'காந்தியடிகள்' என்பதும் கேள்விகளல்ல, வெறும் பெயர்கள்.

"அப்படியானால் நம் பக்கத்தில் என்ன ஸார் இருக்கிறது?" என்றார் அந்த அம்மாள். ஜில்லாவைப் பற்றி அந்த ஜில்லாக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் வார்த்தைதான். என்ன இருக்கிறது என்று இருவருமாக உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தோம்.

சாத்தனூரில் கல்லாகச் சமைந்த மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. பூகர்ப்ப சாஸ்திரி எம். எஸ். கிருஷ்ணன் அதை 1940-ல் உலகுக்கு அறிவித்தார். இந்தப் பகுதியெல்லாம் ஒரு காலத்தில் கடலாக இருந்தது என்பதற்குச் சிப்பியும் சங்கும் வயல் வரப்பிலேயே சாட்சி சொல்கின்றன. பார்க்க வேண்டிய அதிசயந்தான். ஆனால் அது மனிதர்கள் தோன்றுவதற்கு முந்திய கதை. சரித்திரப் பேராசிரியர் ஏற்கமாட்டார்.

அடுத்தது கங்கைகொண்ட சோழபுரம். ராஜேந்திர சோழன் கங்கை வெற்றிக்குப் பிறகு நிர்மாணித்த தலைநகரம். 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரிக்கப்பட்ட ஆலயம். அதன் பெருமையைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. ஆனால் அதன் சிறுமையைப் பற்றி, அதாவது அதற்கு இழைக்கப்பட்ட சிறுமையைப் பற்றி, எழுதியவர்கள் சிலரே. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் கீழணை கட்டிய காலத்தில், இக்கோயில் மதிற்சுவரின் கற்களைப் பெயர்த்து அணைக்குக் கொண்டுபோனார்கள். ஊர் ஜனங்கள் தடுக்கப் பார்த்தார்கள் என்றும், தடுத்தவர்கள் தண்டிக்கப்பட்டார்கள் என்றும், கல்சுவருக்குப் பதிலாகச் செங்கல் சுவர் கட்டித் தருவதாக வாக்களித்தார்கள் என்றும் 1855-ஆம் வருஷத்து வெளியீடு ஒன்று கூறுவதைச் சாஸ்திரியார் எடுத்துக் காட்டியிருக்கிறார். எத்தனை கல் போயிற்று? யார் உத்தரவிட்டார்கள்? ஜனங்கள் மனுக் கொடுத்தார்களா? இவையெல்லாம் உயிருள்ள கேள்விகள்; அணைக்கரைப் பாலத்தின் மேல் பஸ்ஸில் போகிற ஒவ்வொருவரும் கேட்க வேண்டியவை. ஆனால் விடை இருக்கக்கூடிய கட்டுக்கள் சென்னை எழும்பூரில், ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அங்கே போய், பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படித்துக்கொண்டு மாதக் கணக்கில் தங்கக் கூடியவர்களுக்கு அது ஏற்றது. கறவை மாடு வைத்திருப்பவர்களுக்கு ஏற்றதல்ல. தலைப்பின் தகுதி வேறு. அதை எடுப்பவரின் சௌகரியம் வேறு. இரண்டும் பொருந்தினால்தான் முகூர்த்தம் வைக்கலாம்.

சென்னைக்குப் போகாமலே செய்யக்கூடியது என்றால், மகாமகோபாத்தியாய சாமிநாதையரவர்களின் சுயசரிதம் இருக்கிறது. அவருடைய பாலியம் அரியலூரிலும் குன்னத்திலும் கழிந்தது. அரியலூர்ச் சடகோபையங்காரிடமும், செங்கணம் விருத்தாசல ரெட்டியாரிடமும் பாடம் கேட்டுவிட்டுத்தான் அவர் மாயூரத்துக்கு மகாவித்துவானைத் தேடிப் போனார். 1860-களில் இந்தச் சீமையிலே ஒரு சிறுவன் தமிழ் கற்பதற்கு எத்தனை ஊர் மாற வேண்டியிருந்தது, ஆசிரியருக்கு யார் படியளந்தார்கள், குடும்பம் எதை விற்றுச் சாப்பிட்டது என்பதெல்லாம் அந்தப் புத்தகத்தில் சிதறிக் கிடக்கின்றன. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே பொறுக்கி எடுத்துவிடலாம். உபாத்தியாயராகிய நமக்கு இதில் ஆசை அதிகம் என்பதை மறைப்பானேன்? ஆனால் சாட்சி ஒருவரே; அதுவும் எழுபது வருஷத்துக்குப் பிறகு, 1940-ல் பத்திரிகைக்காக எழுதத் தொடங்கிய ஞாபகங்கள். அந்தக் காலத்துப் பள்ளிக்கூட ரிப்போர்ட்டுகளையும் ஜில்லா மானுவலையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தால் அருமையான கட்டுரையாகும். அம்மாள் குறித்துக்கொண்டார், ஆனால் முகத்தில் ஒளி தோன்றவில்லை. இரண்டு வருஷம் கூடவே குடித்தனம் செய்யவேண்டிய விஷயத்தில் பிறருடைய ஆசைக்காக ஒருவர் இணங்கக் கூடாது. ஆகையால் நாமும் வற்புறுத்தவில்லை.

மருதையாற்றுப் பாலம்

பிறகு, அரியலூர் என்றதும் வயதானவர்கள் இன்றும் நினைத்துக்கொள்ளும் விஷயத்துக்கு வந்தோம். 1956-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 23-ஆம் தேதி விடியற்காலை. சென்னையிலிருந்து போய்க்கொண்டிருந்த தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் அரியலூருக்கு அருகில் மருதையாற்று வெள்ளத்தில் விழுந்தது. அதே வருஷத்தில் மகபூப்நகர் அருகே நடந்த ரயில் விபத்துக்காக ராஜினாமாக் கொடுத்து, அது ஏற்றுக்கொள்ளப்படாமல் இருந்த ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி, இந்த முறை பிடிவாதமாக விலகினார். நேருவும் ஒப்புக்கொண்டார். சாஸ்திரியின் நேர்மையைப் பாராட்டாத பாடப் புத்தகம் கிடையாது. உதவி மந்திரி ஓ. வி. அழகேசனின் பெயரையும் அரியலூரையும் சேர்த்து மறு வருஷத்துத் தேர்தலில் எதிர்க் கட்சியார் செய்த பிரசாரமும் பலருக்கு ஞாபகமிருக்கும்.

ஆனால் இத்தனை பேர் பேசியும், இறந்தவர்கள் எத்தனை பேர் என்ற எண் புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது. ஓரிடத்தில் 142 என்கிறார்கள். வேறிடத்தில் 150-க்கு மேல் என்கிறார்கள். வித்தியாசப்படுகிற அந்தப் பத்துப் பன்னிரண்டு பேரும் யாரோ ஒருவருக்குத் தந்தையாகவும் தாயாகவும் இருந்தவர்கள் அல்லவா? எண் ஏன் மாறிற்று, முதல் நாள் பத்திரிகை என்ன சொல்லிற்று, பத்தாம் நாள் என்ன சொல்லிற்று, பார்லிமெண்டில் என்ன சொன்னார்கள் என்று வரிசைப்படுத்தினாலே ஒரு கட்டுரைக்குப் போதும். அக்காலத்துப் பார்லிமெண்டு விவாதங்களை இன்று கைப்பேசியிலேயே படிக்கலாம். பழைய பத்திரிகைகளுக்குச் சென்னையில் கன்னிமாரா நூல்நிலையமும் ரோஜா முத்தையா நூலகமும் இருக்கின்றன. ஒரு வாரம் லீவு போட்டால் பார்த்துவிடலாம்.

அதைவிட முக்கியமான ஆதாரம் அரியலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் இருக்கிறது. வெள்ளத்தில் இறங்கி ஆட்களைத் தூக்கியவர்கள், கரையில் நின்று பார்த்தவர்கள், பிணங்களுக்குக் குழி வெட்டியவர்கள். அன்று பதினைந்து வயதுச் சிறுவனாக இருந்தவர் இன்று எண்பத்து நான்கைத் தாண்டியிருப்பார். கல்வெட்டு ஆயிரம் வருஷம் காத்திருந்தது. இன்னும் நூறு வருஷம் காத்திருக்கும். இவர்கள் காத்திருக்க மாட்டார்கள். 1956-ஐப் பற்றி 2040-ல் எழுத நினைக்கிறவருக்குக் காகிதந்தான் கிடைக்கும். ஆகவே அரியலூர் டவுனிலோ கல்லகத்திலோ இருந்துகொண்டு சரித்திரம் படிக்கும் அன்பர் யாரேனும் இதைப் படித்தால், தயவுசெய்து சோழரை விட்டுவிட்டு மருதையாற்றுக்குப் போகும்படி கேட்டுக்கொள்கிறோம். போகும்போது ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எழுபது வருஷத்து ஞாபகத்தில், கண்டதும் கேட்டதும் பிற்காலத்தில் படித்ததும் பிசைந்து போயிருக்கும். சாமிநாதையரவர்களுக்குச் சொன்ன எச்சரிக்கை ஊர்ப் பெரியவருக்கும் பொருந்தும்.

(நாள் விஷயத்தில் ஒரு வேடிக்கை: அரியலூர் இரண்டாவது முறையாகத் தனி ஜில்லாவானதும் 2007-ஆம் வருஷம் அதே நவம்பர் 23-ஆம் தேதியன்றுதான்.)

"இதுவும் ஒரு சரித்திரமா?"

பேச்சு ஆலத்தியூருக்கே வந்து சேர்ந்தபோது, அம்மாளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "எங்கள் ஊரா? இதுவும் ஒரு சரித்திரமா, ஸார்? கைடு திருப்பி அனுப்பிவிடுவாரே!"

இந்தப் பயம் பலருக்கும் உண்டு. சிறிய ஊரைப் பற்றி எழுதினால் படிப்பும் சிறியதாகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஜப்பான் தேசத்துப் பேராசிரியர் நொபொரு கராஷிமா சோழர் காலத்து நில உடைமையை ஆராயப் புகுந்தபோது, சாம்ராஜ்யம் முழுவதையும் எடுத்துக்கொள்ளவில்லை. திருச்சிச் சீமையில் அல்லூர், ஈசானமங்கலம் என்ற இரண்டு கிராமங்களின் கல்வெட்டுக்களை மட்டும் எடுத்துக்கொண்டார். பிராமணர்களுக்கு விடப்பட்ட ஊராகிய ஈசானமங்கலத்தில் நிலம் தனித் தனி மனிதரிடம் இருந்தது, அல்லூரிலோ ஊரார் பொதுவில் வைத்திருந்தார்கள் என்று அவர் காட்டியது சோழர் சரித்திரத்தையே வேறு கோணத்தில் பார்க்கச் செய்தது. அத்தகைய மனிதர் டோக்கியோவிலிருந்து கப்பலேறி வந்து இரண்டு கிராமத்தில் திருப்தியடைந்தார். நாமோ ஆலத்தியூரில் இருந்துகொண்டு சாம்ராஜ்யத்துக்குக் குறைந்து எதையும் தொடமாட்டோம் என்கிறோம்!

சர்வகலாசாலையில் உத்தியோகம் இருந்தால்தான் ஆராய்ச்சி என்பதும் இல்லை. சதாசிவ பண்டாரத்தார் கும்பகோணத்தில் உயர்தரப் பாடசாலைத் தமிழாசிரியராக இருந்த காலத்திலேயே ஊர் ஊராகப் போய்க் கல்வெட்டுப் படித்து, முதற் குலோத்துங்கனைப் பற்றி 1930-ல் நூல் வெளியிட்டார். அண்ணாமலை சர்வகலாசாலைக்கு அவர் போனது 1942-ல். இங்கிலாந்தில் ஈ. பி. தாம்ஸன் என்பவர் தொழிலாளிகளின் சரித்திரத்தை எழுதி 1963-ல் பிரசித்தி பெற்றார். அதை எழுதிய வருஷங்களில் அவருக்குத் தொழில், வேலைக்குப் போகும் வயது வந்தவர்களுக்குச் சாயங்கால வகுப்பு நடத்துவதுதான்.

ஆலத்தியூருக்கு என்ன ஆதாரம் உண்டு என்று பார்த்தோம். கோயிலைப் பற்றியோ கோட்டையைப் பற்றியோ அல்ல. கண்ணெதிரே நடந்த பெரிய மாறுதலைப் பற்றி. பூமிக்கடியில் சுண்ணாம்புக் கல் இருந்த காரணத்தினால் அந்தப் பக்கம் விவசாய சீமையாக இருந்து சிமெண்ட் சீமையாக மாறிற்று. மெட்ராஸ் சிமெண்ட்ஸ் நிறுவனம் (இப்போது ராம்கோ சிமெண்ட்ஸ்) ஆலத்தியூரில் 1997-ல் ஆலை திறந்தது. அந்த வருஷத்துக்கு முன்பும் பின்பும் ஊர் எப்படி இருந்தது என்பதற்குக் காகிதங்கள் அநேகம். கிராமத்து 'அ' பதிவேடும் அடங்கலும் இருக்கின்றன. ரிஜிஸ்திரார் காரியாலயத்தில் வில்லங்கச் சான்று எழுதிப் போட்டால், ஒரு சர்வே நம்பர் யாரிடமிருந்து யாருக்கு எந்த வருஷத்தில் கை மாறிற்று என்று தெரிந்துவிடும். சுரங்கங்களுக்கு அநுமதி கொடுப்பதற்கு முன் நடக்கும் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் வெளியிடப்படுகின்றன. கேட்டும் கொடுக்காத காகிதத்துக்குத் தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கவே இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக ஜனத்தொகைக் கணக்கு. கிராமம் கிராமமாக, சாகுபடி செய்பவர் எத்தனை, கூலிக்கு உழைப்பவர் எத்தனை, மற்றத் தொழிலில் எத்தனை என்று ஆண் பெண் பிரித்து அச்சிட்டிருக்கிறார்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புதிதாகத் தேடுகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் சொல்லிவிடுகிறோம். ஆலத்தியூர் நகரவில்லை, ஆனால் ஜில்லா நகர்ந்துகொண்டே இருந்தது. 1995 வரையில் திருச்சிராப்பள்ளி, அப்புறம் பெரம்பலூர், 2001 ஜனவரியில் அரியலூர், 2002-ல் மறுபடி பெரம்பலூர், 2007-ல் மறுபடி அரியலூர். ஆகவே 1991-ஆம் வருஷத்துக் கணக்கைத் திருச்சிப் புத்தகத்திலும், 2001, 2011-ஆம் வருஷத்துக் கணக்குகளை அரியலூர்ப் புத்தகங்களிலும் தேட வேண்டும். இது தெரியாமல், "எங்கள் ஊருக்குக் கணக்கே இல்லை" என்று கைவிட்டவர்கள் உண்டு. 2021-ல் எடுக்க வேண்டிய கணக்கு எடுக்கப்படாமல் தள்ளிப் போனபடியால், 2011-க்குப் பிறகு ஊரின் கதையைச் சொல்ல மனிதர்கள்தான் இருக்கிறார்கள்.

அம்மாள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஆலை வந்தது நல்லதா, கெட்டதா என்று எழுத வேண்டுமா, ஸார்? எங்கள் மாமா நிலத்தை விற்றார். அந்தப் பணத்தில்தான் வீடு கட்டினோம். இவருக்கும் ஆலையில்தான் வேலை" என்றார்.

இது அற்பமான தயக்கமல்ல. சம்பளமும் சாப்பாடும் சம்பந்தப்பட்ட விஷயத்தில் ஒருவர் நடுநிலையோடு எழுத முடியுமா? முடியாதென்றால் அந்தத் தலைப்பைத் தொடாமலிருப்பதே மேல். ஆனால் "நல்லதா, கெட்டதா" என்பது பட்டிமன்றத்துக்கு உரிய கேள்வி, சரித்திரத்துக்கு உரியதல்ல. யாருக்கு, எப்போது, என்ன மாறிற்று என்று கேட்டால், விடை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எழுதுகிறவர் அதை ஒப்புக்கொள்ளலாம். தமக்குப் பிடிக்காத விடை வந்தாலும் எழுதக்கூடிய கேள்விதானா என்று சோதித்துப் பார்ப்பது நல்லது. அத்துடன், தாம் யார், தம் வீட்டுக்கு இதில் என்ன சம்பந்தம் என்பதைக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே சொல்லிவிட்டால் படிக்கிறவர்கள் தாமே எடை போட்டுக்கொள்வார்கள்.

கேள்வி இன்னும் பெரிதாகவே இருந்தது. நிலம், நீர், ஆலை, கூலி, பள்ளிக்கூடம் என்று எல்லாவற்றையும் ஒரே கட்டுரையில் அடைக்க முடியாது. அதைக் குறுக்கிய பெருமை நம்மைச் சேர்ந்ததல்ல. இணையத்திலிருந்து எடுத்த 1991-ஆம் வருஷத்துக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று, "வேலை செய்யாதவர் என்று இத்தனை பெண்களைப் போட்டிருக்கிறார்களே, ஸார்! எங்கள் மாமியார் உயிரோடிருந்த வரையில் களை பறித்தார், மாடு கறந்தார், கடலை உடைத்தார். அவரை எந்தக் கட்டத்தில் போட்டிருப்பார்கள்?" என்று கேட்டார்.

ஜனத்தொகைக் கணக்கில் ஸ்திரீகளின் உழைப்புக் குறைவாகவே பதிவாகிறது என்று பொருளாதார அறிஞர்கள் வெகு காலமாகச் சொல்லி வருகிறார்கள். கணக்கெடுப்பவர் திண்ணையில் நின்று ஆண்பிள்ளையிடம் கேட்கிறார். "அவள் வீட்டில்தான் இருக்கிறாள்" என்று பதில் வருகிறது. ஆயுள் முழுவதும் வயலில் நின்றவள் ஒரு பேனாக் கோட்டில் வேலையற்றவளாகிறாள். ஆகவே, சொந்த நிலம் போன பிறகு பெண்களின் வேலை குறைந்ததா, கூடியதா, வேறாக மாறியதா என்பதற்கு அச்சிட்ட எண் மட்டும் விடை சொல்லாது. 1991-ல் முப்பது வயதாக இருந்து, இன்று அறுபத்தைந்தைத் தொடும் பெண்களிடம் போய் உட்கார்ந்து கேட்கவேண்டும். களை பறிக்கும் கூலி எப்போது நின்றது? மாட்டுக்குத் தீவனம் எங்கிருந்து வந்தது? நூறு நாள் வேலை ஊருக்கு வந்தபோது யார் யார் போனார்கள்? சென்னையிலிருந்து வரும் ஆராய்ச்சியாளருக்கு அந்தப் பெண்கள் "எல்லாம் நல்லாத்தான் இருக்கோம்" என்று ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பிவிடுவார்கள். தெருவிலே நாள்தோறும் குடத்தோடு எதிர்ப்படுகிற மருமகளிடம் சொல்வது வேறாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமைப் பஸ்ஸுக்கும் அவசியமில்லை. கங்கைகொண்ட சோழபுரத்தைப் பற்றி இந்த அம்மாளைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நூறு பேர் இருப்பார்கள். இந்தத் தெருவைப் பற்றி எழுதக்கூடியவர் இவர் ஒருவர்தான்.

அன்றிரவே வேலை ஆரம்பித்துவிட்டதாகப் பிறகு தெரிந்துகொண்டோம். மாமனாரிடம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து, விற்ற நிலங்களின் பெயர்களைக் கேட்டாராம். பெரியவர் ஆலமரத்துக் கொல்லை, சித்தப்பா பங்கு, குட்டைமேடு என்று சொல்லிக்கொண்டே போனாராம். பதிவேட்டில் அவையெல்லாம் வெறும் சர்வே நம்பர்கள். எந்தப் பெயர் எந்த நம்பர் என்று பொருத்திப் பார்ப்பதற்கே மூன்று இரவுகள் ஆயினவாம். பெரியவர் சொன்ன விற்பனை வருஷங்களில் ஒன்று வில்லங்கச் சான்றோடு ஒத்துவரவில்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளும்படி சொன்னோம். சம்மதம் பெறாமல் யார் பெயரையும் கட்டுரையில் போடக்கூடாது என்றும், கேட்ட தேதியையும் இடத்தையும் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் குறித்து வைக்க வேண்டும் என்றும் சொன்னோம். கைப்பேசியில் குரலைப் பதிவு செய்வது நல்லதுதான். ஆனால் பதிவு செய்வதாக முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

தலைப்பு இப்படி எழுதப்பட்டது: "ஆலத்தியூரில் பெண்களின் உழைப்பு, 1991 முதல் 2011 வரை." அதனுடன் ஆதாரங்களின் ஜாபிதா ஒன்றையும், அவை ஒவ்வொன்றும் எங்கே கிடைக்கும் என்பதையும், ஏற்கனவே பார்த்தாகிவிட்டது எது, இனிமேல் பார்க்க வேண்டியது எது என்பதையும் ஒரு பக்கத்தில் எழுதி இணைத்தார். தலைப்பைக் கண்டு முகம் சுளிக்கும் பேராசிரியர்களும், ஆதாரங்களின் ஜாபிதாவைக் கண்டால் இறங்கி வந்துவிடுவார்கள் என்பது நம் அநுபவம்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. வழிகாட்டிப் பேராசிரியர் முழு மனதோடு சம்மதம் தெரிவித்திருந்தார். மாமனாரின் வருஷமும் சான்றின் வருஷமும் முரண்படுகிற இடத்தைத் தனி அத்தியாயமாகவே எழுதலாம் என்றும் யோசனை கூறியிருந்தார். தலைப்பில் மட்டும் ஒரு சிறு திருத்தம் செய்திருந்தார். கடைசியில் "ஓர் ஆய்வு" என்று சேர்த்திருந்தார்.